பின் வீலில் போக்ஸ் கம்பி அடுத்தடுத்து உடைவது ஏன்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். அப்பா காலத்து 28 இஞ்ச் கறுப்பு சைக்கிள். தினமும் கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்கு வேலைக்குப் போய்வருகிறீர்கள். சாயங்காலம் திரும்பும்போது கேரியரில் அரிசிச் சிப்பமோ தண்ணீர் கேனோ ஏறுகிறது. மூன்று மாதத்தில் பின் வீலில் மூன்று போக்ஸ் கம்பி போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் உடைந்ததை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். கடைக்காரர் தடித்த கம்பி போட்டால் சரியாகிவிடும் என்கிறார். இதை நானே மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் மாற்றிய பிறகும் ஏன் உடைகிறது என்பது தெரியாமல் மாற்றினால் நான்காவது கம்பிக்கும் நீங்களே உட்கார வேண்டிவரும். அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

என் அப்பா தேவகோட்டையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். எட்டாம் வகுப்பிலிருந்தே பள்ளி விட்டதும் எனக்கு அங்கேதான் வேலை. பஞ்சர், ஓவராயில், கோட்டம் எடுப்பது (நெளிந்த வீலை நேராக்குவது) எல்லாம் அங்கே பழகியது. பிறகு பாலிடெக்னிக் ஒன்றில் பட்டறை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். அப்பா காரணம் சொல்லாமல் செய்த பல வேலைகளுக்குக் காரணம் எனக்கு அங்கே பாடம் நடத்தும்போதுதான் புரிந்தது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனால் பழைய சாமான் கடைகளில் மாட்டுவண்டிச் சக்கரம் சாத்தி வைத்திருப்பார்கள். நடுவில் குடம், சுற்றிலும் வட்டை, இரண்டுக்கும் நடுவே ஆரக்கால். அதற்கு ஆரக்'கால்' என்று பெயர் வைத்தவன் விஷயம் தெரிந்தவன். வண்டியின் பாரம் குடத்தில் இறங்கி, அடியில் இருக்கும் கட்டையின் மேல் கால் ஊன்றி நிற்பதைப் போல நிற்கிறது. அந்தக் கட்டை அமுக்கத்தைத் தாங்குகிறது. சைக்கிளில் இருப்பது 2 மில்லிமீட்டர் கம்பி. அதை நிமிர்த்தி வைத்து மேலே ஒரு செங்கல்லை வைத்தால்கூட வளைந்துவிடும். அமுக்கத்தைத் தாங்க அதற்குத் தெரியாது, இழுக்க மட்டும்தான் தெரியும். அதனால் பின் வீலில் இருக்கும் 40 கம்பிகளையும் முன்கூட்டியே முறுக்கேற்றி இழுத்து வைக்கிறோம். வட்டையின் இடத்தில் இருக்கும் ரிம்மைச் சுற்றிலுமிருந்து எல்லாக் கம்பியும், குடத்தின் இடத்தில் இருக்கும் ஹப்பை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கின்றன. கம்பியின் இழுப்பில் சக்கரம் நிற்கலாம் என்ற யோசனையை இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி 1808-இலேயே எழுதி வைத்தார், அதுவும் பறக்கும் இயந்திரத்துக்காக. இன்று நம் சைக்கிளில் இருப்பதைப் போலக் கம்பிகள் ஹப்பிலிருந்து சாய்வாகக் கிளம்பி ஒன்றையொன்று குறுக்கிடும் அமைப்புக்கு ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் காப்புரிமை வாங்கினார். பெடல் மிதிக்கும் விசையை ஹப்பிலிருந்து ரிம்முக்குக் கடத்த அந்தச் சாய்வு வேண்டும்.

நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் தரையைத் தொடும் இடத்தில் ரிம் மிகக் கொஞ்சமாக உள்ளே அமுங்குகிறது. அந்த இடத்துக் கம்பிகளின் இழுப்பு அதனால் குறைகிறது. மற்ற கம்பிகளில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. சக்கரம் சுற்றச் சுற்ற, ஒவ்வொரு கம்பியும் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை தளர்ந்து மறுபடி இறுகுகிறது. 28 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.2 மீட்டர் போகும், அதாவது கிலோமீட்டருக்கு 450 சுற்று. போகவர 14 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 6,300 சுற்று. வருஷத்தில் 300 நாள் ஓட்டினால் கிட்டத்தட்ட 19 லட்சம். ஒரு கம்பியைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் வளைத்தால் பத்து இருபது தடவையில் ஒடிந்துவிடுகிறதே, அதே சங்கதிதான் இதுவும். வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருப்பதால் லட்சக்கணக்கில் எண்ண வேண்டியிருக்கிறது. உலோகம் களைத்துப் போவது என்று வகுப்பில் சொல்வோம்.

இதில் பலருக்கும் நம்பக் கஷ்டமாக இருப்பது, முறுக்கு அதிகமான கம்பியைவிட முறுக்குக் குறைந்த கம்பி சீக்கிரம் உடையும் என்பது. நல்ல முறுக்கில் இருக்கும் கம்பி அடியில் வரும்போது கொஞ்சம் தளர்ந்தாலும் ஹப் துளையில் அசையாமல் பதிந்தே இருக்கும். தொளதொளவென்று இருப்பது ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தளர்ந்து, துளைக்குள் ஆடி, மறுபடி வெடுக்கென்று இழுபடும். அந்த ஆட்டம் முழுவதும் கழுத்தில் இறங்குகிறது, தலைக்குப் பக்கத்தில் கம்பி மடங்கும் இடத்தில். ஒன்று உடைந்ததும் அதன் பங்கு இரண்டு பக்கத்துக் கம்பிகளின் மேல் விழுகிறது. அவையும் அதே வயது, அதே தளர்ச்சி. அடுத்தது எது என்று வரிசையில் நிற்கின்றன. உங்கள் வீலில் நடப்பது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்.

பெரும்பாலும் என்று இழுப்பதற்குக் காரணம், கம்பி எங்கே உடைந்தது என்று நீங்கள் எழுதவில்லை. உடைந்த துண்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். கழுத்தில் உடைந்திருந்து, உடைந்த முகத்தில் ஒரு பகுதி வழவழவென்று மங்கியும் மீதி சொரசொரவென்று புதிதாகவும் இருந்தால், விரிசல் பல நாளாக ஊர்ந்து வந்து கடைசியில் ஒரு குழியில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அது களைப்பு, சந்தேகமே வேண்டாம். மரை இருக்கும் முனையில், கம்பியை ரிம்மோடு பிடிக்கும் சின்னத் திருகான நிப்பிளுக்குள் உடைந்திருந்தால் துருவாக இருக்கலாம், கம்பி நீளம் குறைவாகப் போய் இரண்டு மூன்று மரையில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்ததாகவும் இருக்கலாம். நடுவில் உடைந்தால் வெளியிலிருந்து ஏதோ அடித்திருக்கிறது. பூட்டை எடுக்காமல் தள்ளுவது, கேரியர் கயிறு உள்ளே போவது, சேலைத் தலைப்பு சுற்றுவது, இப்படி ஏதாவது. நடுவில் உடைந்த ஒற்றைக் கம்பிக்காக வீலையே சந்தேகப்பட வேண்டியதில்லை.

தடித்த கம்பி யோசனைக்கு வருகிறேன். நமக்குக் கடையில் வழக்கமாகக் கிடைப்பது 14 கேஜ், 2 மில்லிமீட்டர். 12 கேஜ் என்றால் 2.6 மில்லிமீட்டர். முதலில் அது உங்கள் ஹப் துளையில் நுழையாது, நிப்பிளும் வேறு, துளையைப் பெரிதாக்க வேண்டும். அதை எல்லாம் செய்தாலும் பலன் இல்லை. தடித்த கம்பி அதே இழுப்புக்குக் குறைவாகவே நீளும். குறைவாக நீண்டது, ரிம் கொஞ்சம் அமுங்கினாலே தளர்ந்துவிடும். மெல்லிய கம்பி ரப்பர் போலக் கூடுதலாக நீண்டிருப்பதால் ரிம் அமுங்கினாலும் இழுப்பு மிச்சம் இருக்கும். மூட்டை வண்டிகளிலும் மூன்று சக்கர வண்டிகளிலும் தடித்த கம்பி போடுகிறார்கள், உண்மைதான். அங்கே ஹப், ரிம், நிப்பிள் எல்லாமே அந்தக் கனத்துக்கு ஏற்றவை. 39 மெல்லிய கம்பிக்கு நடுவே ஒன்றை மட்டும் தடியாகப் போடுவது, நாலு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவன் மட்டும் பனை உயரம் இருப்பது மாதிரி.

கம்பி வாங்கப் போகும்போது பழையதை மாதிரிக்குக் கொண்டுபோங்கள். நீளத்தைத் தலையிலிருந்து அளக்கக்கூடாது, கழுத்து மடிப்பின் உள்பக்கத்திலிருந்து மரை முனை வரை அளக்க வேண்டும். முன் வீலுக்கு 32, பின் வீலுக்கு 40 என்பது நம் ஊர் 28 இஞ்ச் சைக்கிளின் பழைய கணக்கு. இரண்டின் நீளமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் நீளமானால் முனை ரிம்முக்குள் துருத்திக்கொண்டு டியூபைக் குத்தும், அரம் வைத்துத் தேய்க்க வேண்டும். குட்டையானால் வாங்கவே வேண்டாம். துத்தநாகம் பூசிய கம்பியா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்றால், காசு இருந்தால் இரண்டாவது. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது, பூச்சு தீர்ந்ததும் துரு பிடிக்கும். 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது, உலோகம் அரித்துப் போவதை ஆராய்வது அங்கே முக்கியமான வேலை. அதன் மதில் சுவரை ஒட்டிப் போகும் சைக்கிள்களில் பாதி துருப்பிடித்த கம்பியோடுதான் போகின்றன.

இனி மாற்றும் வேலை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, வீலைக் கழற்றி, டயர், டியூப், ரிம் நாடா மூன்றையும் எடுத்துவிடுங்கள். பழைய நிப்பிளிலேயே புதுக் கம்பியை முடுக்கினால் டயரைக் கழற்றாமலே முடியும், காற்றை இறக்கினால் போதும் என்பார்கள். அவசரத்துக்குச் சரி. புது நிப்பிள் விலை ஒன்றும் பெரிதில்லை, கம்பி முனை எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்ப்பது அதைவிட முக்கியம். உடைந்தது இடதுபக்கக் கம்பி என்றால் வேலை சுலபம். சங்கிலிப் பக்கம் என்றால், தலை வெளியே தெரியும்படி நுழைக்கும் கம்பிகளுக்குப் பிரீவீல் (சங்கிலி ஓடும் பின்பக்கப் பல்சக்கரம்) குறுக்கே நிற்கும், அதைக் கழற்ற வேண்டும். நீங்கள் வருஷக்கணக்கில் மிதித்து மிதித்து இறுக்கிய மரை அது. பிரீவீலின் காடியில் மாட்டும் கருவியை வைஸில் பிடித்து, பிரீவீல் கீழே இருக்கும்படி வீலை அதன் மேல் கவிழ்த்து வைத்து, மேலிருந்து பார்க்கையில் கடிகாரத்துக்கு எதிராக வீலையே திருகுவோம். வீட்டில் உளியையும் சுத்தியலையும் வைத்து முயற்சி செய்து காடியை உடைத்துக்கொண்டு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு வேலையை மட்டும் கடையில் செய்துகொள்வது நல்லது.

புதுக் கம்பியை எப்படிக் கோப்பது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ரிம்மில் நாலு நிப்பிள் தள்ளி இருப்பது உங்கள் கம்பியின் இரட்டைப் பிறவி. அதன் தலை ஹப்பின் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா, எந்தப் பக்கம் சாய்கிறது, எத்தனை கம்பியைக் குறுக்கே கடக்கிறது, கடைசிக் குறுக்கில் மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்த்து அப்படியே கோத்துவிடுங்கள். கோக்கும்போது கம்பி லேசாக வில்லாக வளைந்தால் பயமில்லை, முறிந்த மடிப்பு மட்டும் விழக்கூடாது. மரையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து நிப்பிளைக் கையால் முடுக்கி, அப்புறம் நிப்பிள் சாவி போடுங்கள். மரை முழுவதும் நிப்பிளுக்குள் மறைந்திருக்க வேண்டும், முனை நிப்பிள் தலையின் வெட்டுக்குள் வந்து நிற்க வேண்டும், அதைத் தாண்டக்கூடாது. கழுத்துப் பக்கம் கம்பி ஹப்பை ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றால், கட்டை விரலால் அழுத்திப் படிய வையுங்கள். இதைப் பல கடைகளில் செய்வதில்லை. கழுத்து பதியாத கம்பி ஆடிக்கொண்டே இருக்கும், ஆடுவது உடையும்.

எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். டயர் பக்கமிருந்து நிப்பிள் தலையில் திருப்புளி வைத்துத் திருகுவதாக நினைத்துக்கொள்ளுங்கள், கடிகாரச் சுற்று என்றால் இறுகும். ஹப் பக்கமிருந்து பார்த்தால் அதே திருகல் எதிர்ச்சுற்றாகத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் நான் ஒரு வாடகை சைக்கிளுக்குக் கோட்டம் எடுக்கிறேன் பேர்வழி என்று, அப்பா சாப்பிடப் போன நேரத்தில், இந்தத் திசையைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் திருகினேன். கோட்டம் கூடக்கூட இன்னும் திருகினேன். அப்பா வந்தபோது வீல் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. அவர் திட்டவில்லை. 40 நிப்பிளையும் மரை தெரியும்வரை தளர்த்தச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து நீயே முடுக்கு என்று போய்விட்டார். ராத்திரி பத்து மணி ஆனது.

ஒற்றைக் கம்பிதான் உடைந்தது, மற்றவற்றை யாரும் தொடவில்லை என்றால், கோட்டம் எடுப்பது பெரிய வேலையே இல்லை. வலப்பக்கக் கம்பி போனால் அந்த இடத்தில் ரிம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். புதுக் கம்பியை இறுக்கினாலே பழைய இடத்துக்கு வந்துவிடும். உங்கள் வீலை மூன்று தடவை மூன்று விதமாகத் திருகியிருப்பார்கள், அது அவ்வளவு சுலபத்தில் வராது. வீலைப் பிரேமில் மாட்டிச் சுற்றிவிட்டு, ஒரு சாக்குக்கட்டியைப் பிரேமின் பின் தண்டில் ஊன்றி மெல்ல ரிம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். துருத்தும் இடத்தில் மட்டும் கோடு விழும். கோடு வலப்பக்கம் விழுந்தால் அந்த இடத்தில் வலப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று தளர்த்தி, இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்குங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் போகாதீர்கள். கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டால் இழுக்கும் உங்கள் சைக்கிளின் கம்பி பிரேக்கில் ரப்பர் ரிம்மின் உள்முகத்தில் மேலே ஏறிப் பிடிக்கிறது. அதனால் பக்கவாட்டுக் கோட்டம் கொஞ்சம் இருந்தாலும் பிரேக் பிடிக்கும். ஏற்ற இறக்கக் கோட்டம் இருந்தால்தான் விட்டுவிட்டுக் கடிக்கும். அதையும் சாக்குக்கட்டியால் பாருங்கள்.

இறுக்கம் சரியா என்று பார்க்க என்னிடம் இருப்பது காதுதான். காரைக்குடி சகோதரர்களின் வீணைக்குப் பேர்போன ஊர் இது, நமக்கு இது கூச்சமில்லாமல் வர வேண்டும். ஒரே பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டுங்கள். ஒரே சுருதி வந்தால் இறுக்கம் சமம். மந்தமாகக் 'தொப்' என்றால் தளர்ச்சி. சமமாக இருக்கிறதா என்பதைச் சுருதி சரியாகச் சொல்லிவிடும், போதுமான இறுக்கமா என்பதைச் சொல்லாது. அதற்கு ஒரு புது சைக்கிளின் வீலைச் சுண்டி ஒப்பிட்டுக்கொள்ளலாம். கடைசியில் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து உள்ளங்கையில் நன்றாக நெருக்குங்கள். 'டிக் டிக்' என்று சத்தம் வரும், முறுக்கிக்கொண்ட கம்பி நேராகி, கழுத்து துளையில் உட்காருகிறது. அதன் பிறகு கோட்டம் கொஞ்சம் மாறியிருக்கும், திரும்ப ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் ஒரு கம்பி உடைந்தவருக்கு. உங்களுக்கு மூன்று மாதத்தில் மூன்று. மூன்றும் கழுத்தில் உடைந்திருந்தால் நாலாவதை மாற்ற உட்காராதீர்கள், 40 கம்பியும் 40 நிப்பிளும் புதிதாக வாங்கி வீலைப் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். மீதி 37 கம்பியும் அதே லட்சக்கணக்கான சுற்று ஓடியவை. வெளியே பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் கழுத்துக்குள் விரிசல் எங்கே வரை வந்திருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஹப்பையும் ரிம்மையும் வைத்துக்கொள்ளலாமா என்பதை இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. ஹப்பின் துளைகள் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தாலோ, ரிம்மில் நிப்பிள் துளையைச் சுற்றி விரிசலோ ஆழமான துருவோ இருந்தாலோ, அதையும் மாற்ற வேண்டும். வெறும் ரிம்மைத் தரையில் வைத்தால் எல்லா இடமும் படிய வேண்டும், அந்தரத்தில் நின்றால் கம்பியை வைத்து அதை நிமிர்த்தப் பார்க்கக்கூடாது. இழுத்து நிமிர்த்தினால் சில கம்பி அதிக இறுக்கம், சில கம்பி தளர்ச்சி, பழைய கதைதான்.

பழைய ஹப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ சைக்கிள்களைச் செய்யும், 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் கம்பெனியின் முருகப்பா குடும்பம் உங்கள் கோட்டையூருக்குப் பக்கத்துப் பள்ளத்தூரைச் சேர்ந்தது. அதனால்தானோ என்னவோ, இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் நிறையவே கண்ணில் படும். அவற்றின் ஹப்பில் பால்ஸும் கோனும் மாற்றிக் கிரீஸ் வைத்தால் இன்னும் ஒரு தலைமுறை ஓடும். உங்கள் அப்பாவின் வண்டி எந்தக் கம்பெனி என்று நீங்கள் எழுதவில்லை.

வீல் கட்டி முடியும்வரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டிவிடுங்கள், கேரியரில் எதையும் ஏற்றாதீர்கள், குழியில் எழுந்து நின்று மிதியுங்கள். 40 கம்பி வீல் ஒன்று குறைந்தாலும் வீடு வரை வந்துவிடும். கியர் சைக்கிள்களின் 36 கம்பி, 32 கம்பி வீலில் அந்தச் சலுகை குறைவு, உடனே கோட்டம் காட்டும். புதிதாகக் கட்டியதும் ஒரு வாரம் ஓட்டிவிட்டு அதே கடைக்குத் திரும்பப் போய்ச் சுருதி பார்த்துத் தளர்ந்ததை இறுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் "அதெல்லாம் தேவையில்லை" என்றால் நிப்பிள் சாவியை மட்டும் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து நீங்களே பார்த்துவிடலாம்.